பிரிஜ்ஜும் 60 அலகும்



நம் மூத்தம்மாமார் உழ்ஹிய்யா இறைச்சியை உப்பும் மஞ்சளும் பூசி வெயிலில் காயவைத்தார்கள். செலவு உப்புக்கு மட்டும்தான்.

1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின் திட்டத்தை முன்வைத்தார். லக்சபான இயங்கியதோ 1950இல். மின்சார சபை வந்தது 1969இல். கரண்ட் ஊருக்கு வந்தபின்தான் பிரிஜ்ஜும் வந்தது.

2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு. ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது. பிறகு குறைந்தாலும் ஒரு கணக்கு மாறவில்லை. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை. நாளுக்கு ஒரு அலகு எடுக்கும் பிரிஜ் அதில் பாதியைத் தின்றுவிடும்.

இன்றே கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலேசாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.