கட்டடத்துக்கு வெளியே நேரும் தீங்கு: கோலசிலாங்கூர்த் தோட்டங்களும் மருத்துவச் சம்பவத்தின் சட்ட வரையறையும்

முன்னுரை

மருத்துவப் பராமரிப்பின்போது ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அது எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தே பின்னர் நடப்பவை எல்லாம் அமைகின்றன. யார் விசாரிப்பார், எத்தனை ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், இழப்பீடு எந்த நிதியிலிருந்து வரும், அடுத்தவருக்கு அதே தீங்கு நேராமல் காக்கும் பொறுப்பு யாருடையது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வகைப்பாட்டுக்குள் இருக்கிறது.

மலேசியாவில் இந்த வகைப்பாடு எப்படிச் செயல்படுகிறது என்பதைக் கோலசிலாங்கூரையும் அதனை அடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் தமிழர்கள் தலைமுறைகளாகப் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்திருக்கிறார்கள். இன்று அங்கே இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பெருமளவில் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள்.

நம் சட்டம் மருத்துவச் சம்பவத்தை அடையாளம் காண இரண்டு அளவுகோல்களை நம்பியிருக்கிறது: அது எந்த நிலையத்தில் நடந்தது, அது எதிர்பாராததா. தோட்டத்து நோயாளிக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் நிலையத்தின் வாசலை எட்டுமுன்பே தொடங்கிவிடுகிறது. அது நேரும் என்பதும் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஆகவே இரண்டு அளவுகோல்களிலும் அது பிடிபடாமல் போகிறது. நோயாளி கடந்துவரும் பராமரிப்பின் வழி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் வரையறை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் 586 வரையும் எல்லை

1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் (சட்டம் 586) 2006 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டி அறிய இயலாத, எதிர்பாராத சம்பவங்களைத் தனியார் நிலையங்கள் சுகாதாரத் தலைமை இயக்குநருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதன் 37ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. காரணம் விளங்காத மரணம், காயமோ மரணமோ விளைவித்த தீ விபத்து, ஊழியர் நோயாளியைத் தாக்குதல், சிகிச்சைக் கருவியின் பழுது அல்லது தவறான பயன்பாடு போன்றவை 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இவ்வகையில் அடங்கும். தனியார் துறையை இப்படிப் பொறுப்புக்கு உட்படுத்தியது பெரிய முன்னேற்றம்.

ஆனால் இச்சட்டம் அரசு மருத்துவமனைகளுக்குப் பொருந்தாது. அங்கே சுகாதார அமைச்சின் சம்பவ அறிவிப்பு, கற்றல் முறை நடைமுறையில் உள்ளது. 2003இல் அமைந்த நோயாளி பாதுகாப்பு மன்றமும், 2013இல் வெளியான நோயாளி பாதுகாப்பு இலக்குகளும் அதற்குத் துணை நிற்கின்றன. இவை நாடாளுமன்றச் சட்டத்தின் ஆணையாக வந்தவை அல்ல, நிர்வாக வழிகாட்டுதல்களாக வந்தவை. தஞ்சோங் காராங் மருத்துவமனையிலும் சுங்கை பூலோ மருத்துவமனையிலும் நடப்பது ஒரு முறையில் பதிவாகிறது. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடப்பது வேறொரு முறையில் பதிவாகிறது. தோட்டத்தவர் பெரும்பாலும் முதல் வகை மருத்துவமனைகளையே நம்பியிருப்பவர்கள்.

எதிர்பாராத் தன்மை என்னும் அளவுகோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பான் 2015இல் நடைமுறைப்படுத்திய மருத்துவ விபத்து விசாரணை முறையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. சிகிச்சையால் நேர்ந்த, அல்லது நேர்ந்ததாக ஐயுறப்படும் மரணத்தை நிலைய நிர்வாகி முன்பே எதிர்பார்க்கவில்லை என்றால் மட்டுமே அது அந்த விசாரணைக்கு உரியதாகும். நவீன மருத்துவமனையின் அறுவை அரங்கில் இது ஓரளவு பொருந்தும். ஆனால் வாகனம் கிடைக்காமல் தாமதமாக வந்து சேரும் பாம்புக்கடியும், மாதக்கணக்கில் கவனிக்கப்படாத நீரிழிவுப் புண்ணும் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்பதாலேயே அந்தத் தீங்கு சம்பவம் என்னும் தகுதியை இழக்கிறது. வறியவரின் அன்றாடத் துன்பத்தை இயல்பென்று ஒப்புக்கொள்ளும் அளவுகோல் இது.

ஒரே தோட்டம், தனித்தனிப் பதிவேடுகள்

தோட்டத்து மருத்துவம் வேறொரு சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தது. நோயுற்ற தொழிலாளியையும் அவர் குடும்பத்தினரையும் கவனிக்கும் கடமையை 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதி, அடிப்படை வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446) முதலாளியின் மேல் வைக்கிறது. தோட்டத்தில் ‘டிரசர்’ என்று அழைக்கப்படும் மருத்துவ உதவியாளரின் பதிவுக்கென 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே உண்டு. சட்டம் 446 மனிதவள அமைச்சின் கீழ், தொழிலாளர் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை ஆகியவற்றோடு மருத்துவத்தையும் அது முதலாளியின் கடமைகளுள் ஒன்றாகப் பார்க்கிறது. சிகிச்சையில் நேரும் தவறை வகைப்படுத்தி, அதிலிருந்து கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை.

அதே தோட்டத்தில் எந்திரங்களுக்கு உள்ள சட்டத்தைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் (சட்டம் 514) கீழ் 2004இல் வந்த அறிவிப்பு விதிமுறைகள் விபத்து, அபாய நிகழ்வு, தொழில்சார் நச்சுத்தாக்கம், தொழில்சார் நோய் என்று நான்கு வகைகளைத் தருகின்றன. இவற்றுள் அபாய நிகழ்வு என்னும் வகையே மிக முன்னேறியது. செம்பனை ஆலையில் பளுதூக்கி சரிந்து விழுந்தால் ஒருவருக்கும் கீறல் படாவிட்டாலும் அதை அறிவித்தாக வேண்டும். உயிர் போகும்வரை காத்திராமல், மயிரிழையில் தப்பியதிலிருந்தே பாடம் கற்க வேண்டும் என்பது அந்த விதியின் நோக்கம். அதே வளாகத்தின் மருந்தகத்தில் ஓர் ஊசிமருந்துக்கு ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அந்த ஊசியையே போட எடுத்து, கடைசி நொடியில் நிறுத்தியிருந்தால், அதை எழுதிவைக்கச் சட்டம் 446 கேட்பதில்லை. பளுதூக்கிக்குக் காட்டும் முன்யோசனையைத் தொழிலாளியின் சிகிச்சைக்குக் காட்ட நாம் தவறியிருக்கிறோம்.

நச்சுத்தாக்கம் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. பாராகுவாட் களைக்கொல்லி 2002இல் தடை செய்யப்பட்டது. 2006இல் தடை நீங்கியது. 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை வந்தது. மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு ஆசிய பசிபிக் வலையமைப்பும் வெளியிட்ட ஆய்வு, நச்சுப் பாதிப்புகள் எவ்வளவு மௌனமாகக் கடந்துபோகின்றன என்பதை வெளிக்கொணர்ந்தது. தொழில்சார் நச்சுத்தாக்கத்தைக் கண்டறியும் மருத்துவர் ஏழு நாள்களுக்குள் தொழில் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 2004 விதிமுறைகள் கூறுகின்றன. கண்டறிந்தால்தான் இந்தக் கடமை பிறக்கும். நோயாளியின் வேலை என்ன என்று யாரும் கேட்காத இடத்தில் கண்டறிதலும் நிகழாது.

ஒரு நோயாளி, பல கதவுகள்

சட்டங்கள் ஒன்றோடொன்று எப்படி விலகி நிற்கின்றன என்பதை விளக்க ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்வோம். ஈஜோக் அருகே ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்ணின் முதுகுத் தொட்டி கசிகிறது. முதுகில் தோல் வெந்துபோகிறது. தோட்ட மருந்தகத்தில் களிம்பு கிடைக்கிறது. சில நாள் கழித்து மூச்சுத் திணறலோடு அரசு சுகாதார கிளினிக்குக்குப் போகிறார். அங்கிருந்து தஞ்சோங் காராங்குக்கும், பிறகு சுங்கை பூலோவுக்கும் அனுப்பப்படுகிறார். இடையில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகிறது.

மருந்தகப் பதிவேட்டில் இது தோல் நோய். கிளினிக்கில் சுவாசக் கோளாறு. தஞ்சோங் காராங்கில் மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட நோயாளி. சுங்கை பூலோவில் முற்றிய நிலையில் வந்து சேர்ந்தவர். தொழில் பாதுகாப்புத் துறைக்கு யாரும் சொல்லாவிட்டால் அங்கே எதுவுமே நடக்கவில்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிடம் அவர் கோரும் இழப்பீடு, இது வேலையால் வந்த பாதிப்பு என்று 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவப்படுவதைப் பொறுத்தது. முதல் கதவில் தோல் நோய் என்று எழுதியதே அங்கே அவருக்கு எதிராகத் திரும்பும். ஒவ்வொரு நிலையமும் தன் கடமையைச் செய்ததாகவே காகிதம் காட்டும். கதவுகளுக்கு இடைப்பட்ட வழியில் நேர்ந்த தீங்குக்கு ஏற்ற பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவர் ஆவணமில்லாத அயல்நாட்டுத் தொழிலாளியாக இருந்தால் முதல் கதவே திறக்காமல் போகலாம். சிகிச்சைக்கு வரும் ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பலரைக் கடைசிக் கட்டம்வரை மருத்துவமனைப் பக்கம் வராமல் தடுக்கிறது.

நீதிமன்றம் எட்டிய தூரம்

நீதிமன்றங்கள் இந்த இடைவெளியை ஓரளவு குறைத்திருக்கின்றன. 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த ஃபூ ஃபியோ நா வழக்குத் தீர்ப்பு, சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச்சொல்லும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்றது. நோய் கண்டறிதலிலும் சிகிச்சையிலும் மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு அளக்கும் பழைய போலாம் அளவுகோலே தொடரும் என்பதை 2017இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் ஒரு தனியார் மருத்துவமனை வழக்கில், மருத்துவர் தனி ஒப்பந்தக்காரர் என்று சொல்லி மருத்துவமனை தன் பொறுப்பைக் கைகழுவ இயலாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அந்த முடிவுக்குச் சட்டம் 586 விதிக்கும் கடமைகளே துணையாக நின்றன.

இந்தத் தீர்ப்புகள் மதிப்பிற்குரியவை. ஆனால் வழக்குத் தொடுக்க வல்லவருக்கே அவை பயன் தரும். அரசு மருத்துவமனைமேல் வழக்கிட 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாத அவகாசமே தருகிறது. தனியார்மேல் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுகள் உண்டு. தகவலும் பணமும் குறைவாக உள்ளவருக்கே காலமும் பாதியாகச் சுருங்குகிறது. ஆபத்தை எடுத்துச்சொல்லும் கடமையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் நிறைவேறினால்தான் பொருள்படும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய கைநாட்டைத் தனிவகைச் சம்பவமாகவே பதிவு செய்ய வேண்டும்.

எண்ணும் அலகு: 1911, 1991

தீங்கை வேறு வகையில் எண்ண முடியும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்துப் பணிபுரிந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அக்காலத் தோட்டங்களின் மரணங்களையும் ஆராய்ந்தார். 1911இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே மரண விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தன. காலனி அரசின் கவலை கூலியாள் பற்றாக்குறை பற்றியது; அதற்காக அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் தோட்டத்து மக்கள்தொகையை அலகாகக் கொண்டு எண்ணியதால்தான் அந்தப் பேரழிவு கண்ணுக்குப் புலப்பட்டது.

இரண்டாவது சான்று நம் காலத்தது, நம்முடையது. 1991இல் தொடங்கிய பேறுகால மரண இரகசிய விசாரணை முறை, தாயின் மரணம் வீட்டில் நேர்ந்ததா, வழியில் நேர்ந்ததா, அரசு மருத்துவமனையிலா, தனியாரிடமா என்று பிரிக்காமல் எல்லா மரணங்களையும் ஆராய்கிறது. யாரைத் தண்டிப்பது என்று அது கேட்பதில்லை. தவிர்த்திருக்கக்கூடிய காரணம் எது என்று கேட்கிறது. வாகனமின்மையும் தாமதமான பரிந்துரையும் அங்கே முறையான காரணங்களாகப் பதிவாகின்றன. தாய்க்குச் செய்ததைத் தொழிலாளிக்கும் செய்ய இயலும்.

எதிர்வாதங்கள்

வரையறையை விரித்தால் வழக்குகள் பெருகும், மருத்துவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள் என்பது முதல் எதிர்வாதம். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அறிவிப்பையும் குற்றச்சாட்டையும் ஒன்றாக்கினால் அது உண்மையாகும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வகைப்பாடு, நோயாளிக்குத் தேவையற்ற தீங்கு விளைவித்த அல்லது விளைவித்திருக்கக்கூடிய நிகழ்வையோ சூழலையோ சம்பவம் என்கிறது. தவறு யாருடையது என்பது அந்த வரையறைக்குள் வருவதில்லை. கற்பதற்கான பதிவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்து, பொறுப்பை நிறுவும் வழக்கை வேறு தடத்தில் விடலாம்.

தூரமும் வாகனமும் மருத்துவத்தின் பொறுப்பில் சேராதவை என்பது இரண்டாவது. ஆனால் சட்டம் 446 முதலாளிக்கும், பொதுச் சுகாதார அமைப்பு அரசுக்கும் இந்தப் பொறுப்பை ஏற்கெனவே தந்துவிட்டன. சிறிய மருந்தகங்களுக்குச் சுமை கூடும் என்பது மூன்றாவது. ஒரே பக்கப் படிவம், அதில் நோயாளியின் தொழிலும் அவர் கடந்துவந்த நிலையங்களும் என்றால் எந்த மருந்தகமும் அதைத் தாங்கும்.

முடிவுரை

சட்டத்தில் நான்கு மாற்றங்கள் தேவை. அரசு, தனியார், தோட்ட நிலையங்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரே சம்பவ வரையறை வர வேண்டும். எதிர்பாராத் தன்மைக்குப் பதிலாகத் தவிர்க்கக்கூடிய தன்மை அளவுகோலாக வேண்டும். தாமதமும், மொழித் தடையும், நிலையம் விட்டு நிலையம் மாறும்போது நேரும் இழப்பும் தனி வகைகளாக வேண்டும். மனிதவள அமைச்சின் பதிவும் சுகாதார அமைச்சின் பதிவும் ஒரே நோயாளியின் பெயரில் இணைய வேண்டும். இவற்றோடு 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் திரும்பப் பெறப்பட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் வட சிலாங்கூரில் டிரசர்கள் அருகிவிட்டார்கள். தொழிலாளர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். சட்டம் இயற்றுவோரும் மருத்துவர்களும் தொழிற்சங்கங்களும் இந்த மாற்றங்களை ஒரே கோரிக்கையாக முன்னெடுக்க வேண்டும். உழைப்பவருக்கு நேரும் தீங்கைப் பெயர் சொல்லி எண்ண மறுக்கும் சட்டம் அதைத் தடுக்கவும் இயலாது.