லாரி பேக்கரும் ஐந்து மைல் வீடும்

கம்மி பட்ஜெட்ல, மண்ணு, செங்கல்னு இயற்கையா ஒரு வீடு கட்ட பிளான் போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய மனிதர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்காமில் பிறந்த ஆர்க்கிடெக்ட். 1945ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்தவர், 2007ல் திருவனந்தபுரத்தில் இறக்கும்வரை இங்கேயே தங்கிட்டார்.

வீட்டுக்கான பொருள் ஐந்து மைலுக்குள்ளேயே கிடைக்கணும்கிற காந்தியின் யோசனை அவர் மனசில் தைச்சிருச்சு. பித்தோராகட் மலையில் கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின கிராமத்துக்காரங்கதான் அவருக்கு வாத்தியார்.

அப்புறம் கேரளா. செங்கல்லைப் படுக்க வைக்காம நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் கட்டினார். பேரு 'எலிப்பொறிக் கட்டு'. சுமார் 25% செங்கல் மிச்சம். உள்ளே இருக்கிற காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கான்கிரீட் பெருசா எதையும் தாங்குறதில்லை. அங்கே மங்களூர் ஓட்டை வச்சு சிமெண்டைக் குறைச்சார். சுவருக்குப் பூச்சும் கிடையாது.

எல்லாத்துக்கும் அடிப்படை அவர் கேட்ட ஒரே கேள்வி: 'இது தேவையா?' சிமெண்டுக்குப் போற காசு கொத்தனாருக்குக் கூலியாப் போகட்டும்னு நினைச்சவர்.

'இயற்கை வீடு'ன்னு சொல்லிட்டு, வெளிமாநிலத்துக் கல்லை லாரி லாரியா இறக்குறவங்க, இந்த லாரியின் கணக்கையும் ஒருதரம் போட்டுப் பார்க்கலாம் :-)