பார்வை மான்

நாகப்பட்டினம், வேதாரணியம் ஆகிய ஊர்களைக் கடந்து, கடலோரமாகத் தெற்கே செல்வார்க்குத் தோன்றுவது கோடிக்கரை. நம் சீர்காழியும் அக்கோடிக்கரையும் 1991 வரை ஒரே தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தஞ்சை என்றதும் நெல்வயலே நம் நினைவுக்கு வரும். ஆயின் நெல் விளையாத அவ்வுவர் நிலத்தில், சங்கச் சான்றோர் பாடிய மானினம் ஒன்று இன்றும் மேய்ந்து திரிகிறது. அதன் வரலாறு பெரும்பாலும் வேட்டையின் வரலாறே. வேட்டுவனை அதனிடம் வழிநடத்திச் சென்றவற்றின் வரலாறும் அதனுள் அடங்கும்.

இக்காலத்தார் கலைமான், வெளிமான் என வழங்கும் இவ்விலங்கே பழந்தமிழ்ப் புல்வாய் என்பர். தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்களை உரிமையாக்குகிறது. புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண்ணைப் பிணை என்கிறது. அனைத்தையும் 'மான்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும் நமக்கு இப்பகுப்பு வியப்பளிக்கலாம். விலங்கியலாரும் இவற்றை வேறுபடுத்தியே காண்கின்றனர். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்போ முறுக்கேறி நீண்டு, கிளைக்காமல், ஆயுள் முழுதும் உதிராமல் நிற்கும். ஆப்பிரிக்காவில் முயலினும் சற்றே பெரிதாய்த் திரியும் டிக்-டிக், புதர்களில் பதுங்கும் டைக்கர் ஆகிய சிறுமான்களும் இரலையின் உறவினவே. கோடிக்கரையில் புல்வாய், புள்ளிமான் இரண்டையும் ஒருங்கே கண்டு வேறுபாடு உணரலாம்.

மானைக் கொண்டே மானைப் பிடிக்கும் முறையைச் சங்ககால வேட்டுவர் அறிந்திருந்தனர். பழக்கிக் கட்டிவைத்த அம்மானுக்குப் 'பார்வை' என்று பெயர். பட்டினப்பாலையில் நம் பூம்புகாரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருப்பதைக் காட்டுகிறார். புறநானூற்று 320ஆம் பாடலில் வீரை வெளியனார் மேலும் ஒரு படி செல்கிறார். வேட்டுவன் முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான். காட்டிலிருந்து வந்த தனிக்கலை ஒன்று, பார்வையாக வைத்த பிணையோடு கூடி விளையாடுகிறது. மனையாள் அதனைக் காண்கிறாள். கணவனை எழுப்பினால் இரை கிட்டும். அவளோ கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்றும் அஞ்சி அசையாதிருக்கிறாள். மான்தோலில் உலர வைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்கின்றன. அவற்றையும் அவள் ஓட்டவில்லை. தினை காய்வதும் மான்தோலில்தான் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. அவள் வேட்டையை வெறுத்தவள் அல்லள், அதனால் வாழ்பவள். அந்த ஒரு பொழுதில் தன் கையை அடக்கிக்கொண்டாள், அவ்வளவே.

இதனோடு ஒப்பிடத் தக்க நிகழ்ச்சி ஒன்று முகலாயர் வரலாற்றில் உண்டு. பேரரசர் ஜஹாங்கீரிடம் மன்ஸ்ராஜ் என்னும் கலைமான் இருந்தது. பழக்கிய மான்களோடு பொருவதிலும் காட்டு மான்களைப் பிடிக்கத் துணைபுரிவதிலும் அதற்கு நிகரில்லை என்று அரசரே தம் நினைவேட்டில் எழுதுகிறார். அது இறந்தபின் லாகூரை அடுத்த ஷேக்குபுராவில் அதற்கு நினைவிடம் அமைத்தார். அச்சமவெளியில் மான் வேட்டை கூடாதென ஆணையும் பிறப்பித்தார். இன்று ஹிரன் மினார் எனப்படும் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. வேட்டைக்குத் துணையான மானே வேட்டையை நிறுத்தவும் காரணமாயிற்று.

வெள்ளையர் ஆட்சியில் துப்பாக்கி பெருகியது. பார்வை மானின் இடத்திற்கு உள்ளூர்ச் சிகாரி வந்தார். உழவர் மாட்டுவண்டியைக் கண்டு மான் மிரளாது. ஆதலின் வண்டி மறைவில் துரைமாரை அருகே கொண்டுசெல்வது வழக்கமாயிற்று. சிற்றரசர் சிலர் சிவிங்கிப்புலியை ஏவி மானைப் பிடித்தனர். இந்நாட்டுச் சிவிங்கி அருகியபோது, கோலாப்பூர், பவநகர் அரசர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அதனை வரவழைத்தனர். இந்தியச் சிவிங்கி அற்றுவிட்டதென 1952இல் அறிவிக்கப்பட்டது. கோடிக்கரை 1967இல் காப்பிடமாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கலைமானை முதல் அட்டவணையில் சேர்த்தது.

வழிகாட்டியோடு செல்லும் வேட்டை உலகில் இன்னும் ஒழியவில்லை. கென்யா 1977இல் அதனைத் தடைசெய்தது. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும், கட்டணம் செலுத்துவோர் உரிமம் பெற்ற வேட்டைத் துணைவருடன் சென்று சிறுமான்களைச் சுடலாம். நம் கலைமானும் அமெரிக்காவின் டெக்சாஸில் குடியேற்றப்பட்டு, தனியார் பண்ணைகளில் வேட்டைப்பொருளாய் வளர்கிறது. ஆனால் வரலாறு எளிதில் ஒரு பக்கம் சாய்வதன்று. ஜஹாங்கீர் மானைப் போற்றிய பாகிஸ்தான் மண்ணில் கலைமான் அற்றுப்போயிற்று. 1970களில் மீண்டும் அங்கே வளர்க்கக் கொண்டுவந்த மான்கள் டெக்சாஸிலிருந்து வந்தவை! அங்கே காசுக்காக வளர்த்தவன் காத்திருக்கிறான். இங்கே ஆணையிட்ட அரசன் மறைந்ததும் ஆணையும் மறைந்தது.

கோடிக்கரையில் துப்பாக்கி ஓய்ந்தது; மானின் இடர் ஓயவில்லை. சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்குகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயலில் மான்கள் பல மாண்டன. வாயில் புல்லைக் கொண்ட பெயரே புல்வாய். புல் போனால் பெயர் மட்டுமே எஞ்சும். அப்பெயரையும் நாம் பெரும்பாலும் இழந்துவிட்டோம். கவிதை எழுதுவோர் இரலை, பிணை, நவ்வி, உழை ஆகிய சொற்களை அணிக்காக அன்றி, அவை குறிக்கும் உயிரை அறிந்து ஆளுதல் வேண்டும். இன்று கோடிக்கரையில் வழிகாட்டுவோர் கண்ணுக்கே மானைக் காட்டுகின்றனர். வேட்டுவன் மனையாள் அன்று அசையாதிருந்து கண்டதும் அதையே.