அப்பாவின் இயக்கப்பெயர்

1978இல் வந்த ‘லங்காராணி’ நாவலை எழுதியவர் பெயர் அருளர். 1977இல் தமிழருக்கெதிராக நடந்த கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலின் கதை அது. அருளர் என்பது ஈழப் போராளி அமைப்பான ஈரோஸின் தொடக்ககாலத்தவரான அருட்பிரகாசத்தின் இயக்கப்பெயர். 27 ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில், அதே பெயர் ஒரு பாட்டுத்தட்டின் உறைக்கு வந்தது. பாட்டெழுதிப் பாடியவர் அவருடைய மகள் மாதங்கி. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர் மாதங்கி. தலைமறைவாக இருந்த தந்தை எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பிள்ளைகளிடம் யாரோ உறவுக்காரர் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். யாழ்ப்பாணம், சென்னை என்று அலைந்து, 1986இல் தாயோடு லண்டனுக்கே அகதியாகத் திரும்பினார்.

அவர் படித்தது இசையல்ல. செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம். ‘எலாஸ்டிகா’ இசைக்குழுவுக்கு உறை ஓவியம் வரையப் போய், அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் போனார். அங்கே பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக்கருவியை அறிமுகப்படுத்தினார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தன்னிடமிருந்த 505ஐ இரவல் கொடுத்தார். ஸ்டூடியோ வாடகைக்கு வழியில்லாத ஒருவர் ஒற்றைப் பெட்டியில் தாளமும் மெட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. வீட்டில் செய்த மாதிரிப்பதிவுகளில் பிறந்தது ‘கலாங்’ என்ற பாட்டு. 2003இல் ஒரு சிறு நிறுவனம் அதை 500 பிரதிதான் போட்டது. அவை நடனக்கூடங்களில் பரவிய பிறகே எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் ஒப்பந்தம் போட்டது.

‘அருளர்’ தட்டு உடனே வரவில்லை. பிறர் இசைத்துணுக்குகளைப் பயன்படுத்த அனுமதி வாங்குவதில் வெளியீடு தள்ளிப்போனது. இடையில் 2004 இறுதியில், இசைத்தயாரிப்பாளர் டிப்ளோவுடன் சேர்ந்து அனுமதி ஏதும் கேட்காத ஒரு கலவைத்தட்டு வெளியாகிக் கைக்குக் கை போயிற்று. சட்டப்படியான பிள்ளைக்கு முன்னால் கள்ளப்பிள்ளை ஊர் சுற்றிப் பேர் வாங்கிவிட்டது!

பாட்டுகளில் ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க், லண்டன் தெருப்பேச்சு எல்லாம் கலந்து கிடக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணை வாரிய பிறகுதான் பழுப்பு நிலக்கரி தெரியும். இந்தத் தட்டிலும் ஆட்டத்தாளம் மேல்மண். அடியில் கிடப்பது போரும் வறுமையும், பயங்கரவாதி என்று யாரை யார் அழைப்பது என்ற கேள்வியும். ‘சன்ஷவர்ஸ்’ பாட்டின் காட்சிப்படம் தென்னிந்தியக் காட்டில் எடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சத்தத்தையும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயரையும் எம்டிவி ஆட்சேபித்தது.

மேற்கத்தியப் பத்திரிகைகள் பல, அவரைப் ‘புலியின் மகள்’ என்று எழுதித் தள்ளின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்று பிரித்தறிய அவர்களுக்குப் பொறுமையில்லை. உறையில் புலிப்படம் போட்டவரே அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தார் என்பதும் உண்மை. நியாயம் பேசுவதைவிடச் சீண்டிப் பார்ப்பது அவர் சுபாவம். என் கணிப்பில் இந்தத் தட்டு அரசியல் அறிக்கையல்ல. அப்பாவைத் தேடிய மகளின் விளம்பரம். இணையத்தில் தன் பெயரைத் தேடும்போதாவது அப்பாவின் கண்ணில் படட்டும் என்றுதான் அந்தத் தலைப்பை வைத்ததாக மாதங்கியே சொல்லியிருக்கிறார். பட்டது. பெயரை மாற்றச் சொல்லித் தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் மாற்றவில்லை.

2005இல் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் ‘அருளர்’ இடம்பெற்றது. 2007இல் வந்த அடுத்த தட்டுக்குத் தாயின் பெயர், ‘கலா’. தந்தை 2019இல் காலமானார். தட்டைக் கேட்க நினைப்பவர்கள் முதலில் ‘லங்காராணி’யைத் தேடிப் படியுங்கள்.