குறுக்குக்கட்டும் நீச்சலுடையும்: தையல் வகுப்பில் நாம் தைக்காத ஓர் உடையின் வரலாறு

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் வரிசையும், கட்டடங்கள் எழுந்த கதையும், பரீட்சைப் பெறுபேறுகளும் இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரிலும் உள்ளன. அவற்றோடு தையல் வகுப்பின் வரலாற்றையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். கைக்குட்டையின் ஓரம் மடித்துத் தைப்பதில் தொடங்கினோம். பிறகு தலையணை உறை, குழந்தைச் சட்டை, பாவாடை, இரவிக்கை என்று வளர்ந்தோம். வீட்டுக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் வேண்டியதெல்லாம் தைத்தோம். நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, நீரில் இறங்குவதற்கென்று ஓர் உடையை மட்டும் நாம் தைத்ததில்லை.

பழுகாமம் படுவான்கரை ஊர். கிழக்கே, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. களுவாஞ்சிகுடிக்குப் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கவேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் போவோர் பாதையில் ஏறவேண்டும். வெளிநாட்டில் பிறந்த எமது பிள்ளைகளுக்காக ஒரு சொல்: இங்கே பாதை என்பது நடக்கும் வழி மட்டுமல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையும்தான். மாரியில் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். இத்தனை நீருக்கு நடுவே வளர்ந்த எம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று பழைய மாணவியர் தம்முள் கேட்டுப் பார்க்கட்டும்.

எமது குளிப்பு உடை குறுக்குக்கட்டு. பாவாடையையோ சீத்தைத் துணியையோ நெஞ்சுக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டால் முடிந்தது. தையல் வேண்டாம், அளவு வேண்டாம். உடலை மறைத்தபடியே குளிக்கவும், ஈரத்தோடு மாற்றுடைக்கு மாறவும் அதைவிட எளிய வழி இல்லை. கிணற்றடிக்கும் குளத்துப் படிக்கும் அது பொருத்தமான உடை; அதைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் இடுப்பளவு நீருக்கு அப்பால் அதன் குணம் மாறிவிடும். முதலில் காற்றை வாங்கிக் குடைபோல எழும்பும். பிறகு நனைந்து கனத்துக் கால்களைச் சுற்றிக்கொள்ளும். கால் அகலாமல் நீந்துவது எப்படி? முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கை எப்போதும் நெஞ்சிலேயே இருக்கும். தம்பிமார் காற்சட்டையோடு வாவியில் பாய்ந்து தாமாகவே நீந்தப் பழகினார்கள். நாமோ பெரியபிள்ளையானதும் கிடுகு மறைப்புக்குள் கிணற்றடியோடு நின்றுகொண்டோம்.

துணி வெட்டவோ தைக்கவோ தெரியாததால் இப்படி நேரவில்லை. 1814இல் மெதடிஸ்த மிசனரிமார் மட்டக்களப்புக்கு வந்தனர். 1820இல் தொடங்கிய பாடசாலையே இன்று வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையாக நிற்கிறது. மிசன் பெண்கள் பாடசாலைகளில் எழுத்தோடும் வாசிப்போடும் ஊசியும் நூலும் பாடமாயின. அமெரிக்காவில் 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் மெசின் 1877இல் இலங்கைக்கு வந்தது. தவணைப் பணத்தில் வாங்கலாம் என்பதால் சாதாரண வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பாடசாலை எட்டியது. தையல் பின்னாளில் மனைப்பொருளியலின் ஒரு பகுதியாயிற்று. விதவையான தாய்மார் பலர் ஒரு மெசினை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்ததை நாம் கண்டிருக்கிறோம். கையும் மெசினும் இருந்தன. பெண்ணுக்கு நீச்சல் வேண்டும் என்ற எண்ணந்தான் இருக்கவில்லை.

மேல்நாட்டிலும் இது இலகுவில் வந்துவிடவில்லை. அங்கே பெண்கள் ஒரு காலத்தில் பாவாடை, காற்சட்டை, காலுறை எல்லாம் அணிந்தே கடலில் இறங்கினர். அவுஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெற் கெல்லர்மன் 1905ஆம் ஆண்டளவில் லண்டனில் அரச குடும்பத்தவர் முன் நீந்த அழைக்கப்பட்டார். வெறுங்கால் தெரியக்கூடாது என்று தடை வந்தது. அவர் நீளமான கறுப்புக் காலுறைகளை வாங்கித் தமது நீச்சலுடையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். கால் மறைந்தது, நீச்சலும் தடைப்படவில்லை. தற்காலப் பெண்களின் நீச்சலுடை வரலாற்றில் இந்த ஊசிவேலைக்கு முக்கிய இடமுண்டு. 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சற் போட்டி வைத்தார்கள். அதன்பின்பும் நெடுங்காலம் கம்பளி நூலில் பின்னிய நீச்சலுடைகளே பெருவழக்கு. பலர் அவற்றை வீட்டிலேயே பின்னினர். நனைந்தால் அவை தொங்கிப்போகும்.

எமது பக்கத்தில் நீச்சல் வீரத்துக்குக் குறைவில்லை. 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் கடந்தார். பெண்களில் வங்காளத்து ஆரதி சாகா 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே வங்காளத்தின் புலா சௌத்ரி 2004இல் பாக்கு நீரிணையைக் கடந்தார். அந்தப் பெண்கள் வரிசையில் கிழக்கிலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயரைச் சேர்க்க எம்மால் முடியவில்லை.

அதே 2004இன் டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. நாவலடியும் கல்லடியும் கண்ட அழிவை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இம்மலரை வாசிப்போரில் பலர் அன்று உறவுகளை இழந்தவர்கள். இறந்தவர்களில் பெண்களே அதிகம் என்பதை அடுத்த ஆண்டு ஒக்ஸ்பாம் நிறுவனம் எடுத்துக்காட்டியது. மட்டக்களப்பில் அது பெண்கள் கடலில் குளிக்கும் நேரமாக இருந்ததையும், நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கியிருந்ததையும் காரணங்களாகச் சொன்னது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், நனைந்த சேலை காலைத் தடுத்ததும் தப்பியவர்கள் சொன்னவை. அந்த அலைக்கு முன்னால் நல்ல நீச்சல்காரரும் அள்ளுண்டு போனார்கள் என்பது உண்மையே. என்றாலும் நீரில் சில நிமிடம் மிதக்கத் தெரிந்திருந்தால், ஒரு மரக்கிளை கைக்கு எட்டும்வரை தாக்குப்பிடித்திருந்தால் என்ற எண்ணம் எம்மை விடுவதில்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தபோது அதே எண்ணம் திரும்பவும் வந்தது.

இதற்கிடையே துணியும் மாறிவிட்டது. 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் லைக்ரா என்ற இழுபடும் இழை உருவானது. நனைந்தாலும் தொங்காமல் உடலோடு ஒட்டி நிற்கும் உடை அதனால் சாத்தியமானது. 2004இல் சிட்னியில் லெபனான் வழிவந்த அஹெடா சனெற்றி, தலை முதல் கணுக்கால்வரை மறைக்கும் நீச்சலுடையை வடிவமைத்தார். 2007இல் அவ்வகை உடையணிந்த முஸ்லிம் பெண் ஒருவர் குரோனுல்லா கடற்கரையில் உயிர்காப்பாளராகத் தகுதி பெற்றார். எமக்குத் தெற்கே அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கான அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியது. உடலை மூடினால் நீந்த முடியாது, நீந்தினால் மானம் போகும் என்ற பழைய வாதம் இவற்றோடு வலுவிழந்தது.

எமது நாட்டுத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக் கடைகளுக்கு நீச்சலுடை தைத்து அனுப்புகின்றன. அந்த வேலையை வீட்டு மெசினிலும் செய்யலாம். நைலோன் அல்லது பொலியெஸ்ரரோடு லைக்ரா கலந்த, நாற்புறமும் இழுபடும் துணி வேண்டும். பருத்தி வேண்டாம், அது நீரைக் குடித்துக் கனக்கும். வழக்கமான சட்டைக்கு விடும் தளர்வை இங்கே விடக்கூடாது. உடலளவைவிடச் சற்றுக் குறைத்தே வெட்டவேண்டும், எவ்வளவு என்பது துணி இழுபடும் அளவைப் பொறுத்தது. முனை மழுங்கிய ஊசியும் பொலியெஸ்ரர் நூலும் போடவேண்டும். நேர்த்தையல் இழுத்தால் அறும் என்பதால் வளைந்து வளைந்து செல்லும் சிக்சாக் தையல் நல்லது. பழைய மெசினில் அது இல்லையென்றால் துணியை இலேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். நீளக்கைச் சட்டையும் கணுக்கால்வரை காற்சட்டையும் தனித்தனியே தைத்து, சட்டை மேலெழும்பாதபடி உள்ளே நாடாவால் காற்சட்டையோடு இணைத்துவிட்டால், எந்தத் தாயும் முகம் சுளிக்காத ஓர் உடை தயார். பாவித்தபின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும்.

இரண்டாம் நூற்றாண்டுக்குள் காலடி வைக்கும் பாடசாலைக்குப் பழைய மாணவியர் என்ன செய்யலாம் என்று பலரும் கேட்கின்றனர். எமது வேண்டுகோள் சிறியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருப்போர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொக்லேற்றோடு சில யார் நீச்சல் துணியும் கொண்டுவாருங்கள். ஊரிலுள்ள தையற்காரிகள் ஒரு சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவரவர் உடையை அவரவரே தைக்கட்டும். நீச்சல் தெரிந்த பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தி, பாதுகாப்பான இடத்தில், பெற்றோரும் உடனிருக்க, முதலில் மிதக்கவும் பிறகு நீந்தவும் பழக்குவோம். வாவியைக் கடந்து படிக்கவும் வேலைக்கும் போகும் எமது பேத்திமாருக்கு இந்த நூற்றாண்டில் நாம் கொடுக்கவேண்டிய சீர் அது.