துளையும் கீறலும்

கராடியில் குடியேறிய தமிழ்ப் பெற்றோராகிய நாம், குழந்தைக்கு அறுவை நேர்ந்தால் தழும்பின் அளவையே முதலில் நோக்குகிறோம். உடலோ வேறு கணக்கு வைத்திருக்கிறது.

1930களில் கிளாஸ்கோவில் கத்பெர்ட்சன், எலும்பு முறிந்தோரின் உடல் தன் தசைப் புரதத்தையே கரைத்து இழப்பதை அளந்து காட்டினார். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்தும் அவர் குழுவினரும், குறைமாதக் குழவியின் உடலும் அறுவையின்போது கொந்தளிப்பதையும், வலிநீக்க மருந்து அக்கொந்தளிப்பைத் தணிப்பதையும் நிறுவினர்.

இதற்கிடையே, 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஸெம் துளைவழியே குடல்வாலை அகற்றினார். 1990இல் நம் அண்டை நகரான மும்பையில் உத்வாடியா அவ்வாறே பித்தப்பையை நீக்கினார்.

பின்னர்க் குழந்தைகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டனர். துளைமுறையில் அழற்சி குறைவெனச் சில ஆய்வுகள் கூறின. வேறு சில பெரிய வேற்றுமை காணவில்லை. மேலும், துளைமுறையில் வயிற்றினுள் செலுத்தும் கரியமில வாயுவைச் சிறு உடல் விரைந்து உறிஞ்சுகிறது.

ஆகவே, கீறல் எத்தனை விரற்கடை என்பதோடு, மயக்கமும் வலிநீக்கமும் எவ்வாறு என்பதையும் மருத்துவரிடம் வினவுவோமாக.