சாயல் இல்லாத உருவங்கள்

ஜவ்வாது மலைப்பகுதியின் சில ஊர்க்கோயில்களில் வழுவழுப்பான கற்கள் தெய்வமாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒருமுனை குறுகியும், மறுமுனை அகன்று கூர்மையாகவும் இருக்கும். பொட்டும் மஞ்சளும் ஏற்றிருக்கும் இவை தொல்லியலாளர் பார்வையில் புதிய கற்காலக் கோடரிகள். மலையை ஒட்டிய திருப்பத்தூர்ப் பகுதியின் பையம்பள்ளியில் 1960களில் எஸ். ஆர். ராவ் நடத்திய அகழாய்வு, அக்காலத்து மக்களின் குடியிருப்பையே வெளிக்கொணர்ந்தது. சில்லு பெயர்த்து உருவம் கண்டு, கொத்திச் சமன்செய்து, தேய்த்து, மெருகேற்றி இக்கோடரிகளைச் செய்தார்கள். கண், மூக்கு என்று எதன் சாயலும் இவற்றில் இல்லை. ஆயினும் வடிவம் குறித்து இவ்வளவு துல்லியமாக முடிவெடுத்த பொருட்கள் நம் நிலத்தில் குறைவு.

கணினியில் சிற்பம் செய்யும் மென்பொருட்களைப் பற்றிப் பேசும்போது இக்கற்களை நினைக்கக் காரணம் உண்டு. அம்மென்பொருட்கள் என்றவுடன் திரைப்படங்களின் பறவைநாகங்களும் பூதங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்துறையின் தொடக்ககால அத்தியாயங்களில் முக்கியமான ஒன்றை எழுதியது அரூபக் கலைதான்.

கணினிக்குள் ஒரு திண்பொருளைச் செதுக்கலாம் என்ற எண்ணத்தை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிக் பேரன்ட் 1977இலேயே ஆய்வுக்கட்டுரையாக முன்வைத்துவிட்டார். அதைக் கலையாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஆங்கிலச் சிற்பி வில்லியம் லேதம். 1980களின் நடுவில் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் இருந்தபோது அவரிடம் கணினி இல்லை. பெரிய தாளும் பென்சிலும்தான். கூம்பு, கனசதுரம், கோளம் போன்ற எளிய வடிவங்களை எடுத்துக்கொண்டு, குடைதல், புடைக்கச்செய்தல், அலகுபோல் நீட்டுதல், வெட்டுதல் என்ற ஒருசில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்து, கிளைகிளையாக வரைந்துகொண்டே போனார். விதிகள் அவருடையவை. முடிவில் என்ன உருவம் வரும் என்பது அவருக்கே தெரியாது. 1987இல் வின்செஸ்டரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்துக்குச் சென்றவர், ஸ்டீஃபன் டாட் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து அந்தக் கிளைமரத்தைக் கணினிக்குள் வளர்த்தெடுத்தார். அவர்களின் ‘மியூட்டேட்டர்’ நிரல் பல உருவங்களை ஈனும். கலைஞன் பிடித்தவற்றைத் தேர்வான். அவற்றிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்கும். தோட்டக்காரன் வேலை என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்றைய மென்பொருளின் தூரிகைப் பெயர்களைப் பார்த்தால் லேதமின் தாள் நினைவுக்கு வராமல் இராது. உப்பச்செய், கிள்ளு, தட்டையாக்கு, வழவழப்பாக்கு: இவையெல்லாம் வினைச்சொற்கள். 1999இல் அறிமுகமான ஸீபிரஷ், ஒவ்வொரு புள்ளியும் தன் ஆழத்தை நினைவில் வைத்திருக்கும் ஓவியப்பலகையாகத்தான் தொடங்கியது. பிளெண்டரின் கதை வேறு. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபின், டன் ரூசெண்டால் பொதுமக்களிடம் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி, 2002 அக்டோபரில் அதைக் கட்டற்ற மென்பொருளாக்கினார். நிக்கோலஸ் பிஷப் எழுதிய சிற்பக்கருவி 2007இல் அதில் சேர்ந்தது. கல்லூரியோ ஆசிரியரோ அருகில் இல்லாத மலைக்கிராமத்து இளைஞனுக்கும், ஒரு கணினி மட்டும் கிடைத்துவிட்டால், சிற்பக்கூடம் திறந்திருக்கிறது. இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

அவன் எதில் தொடங்குவது? பெரும்பாலான பாடங்கள் மனிதத்தலையில் தொடங்குகின்றன. தலை தவறினால், பிழை உடற்கூற்று அறிவிலா கருவியைக் கையாண்டதிலா என்று கற்பவனுக்குத் தெரிவதில்லை. அரூப உருவத்தில் அந்தக் குழப்பம் இல்லை; ஒவ்வொரு தூரிகையும் பரப்பை என்ன செய்கிறது என்பது மட்டும் கண்ணில் படும். ஆனால் அரூபத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. எதைச் செய்தாலும் ‘நன்றாயிருக்கிறது’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். நம் கண்காட்சிக் கூடங்களிலும் இது நடக்காமலில்லை.

ஜவ்வாது மலைக் கோடரி இங்கேதான் உதவுகிறது. அது அரூபமாகத் தெரிவது நமக்கு மட்டுமே. செய்தவனுக்கு அது கருவி, கும்பிடுபவருக்குச் சாமி. அதன் விளிம்பு சரியாக அமைந்ததா இல்லையா என்பதில் ஏமாற்ற இடமில்லை. திரையில் ஒரு கோளத்தை வைத்து அக்கோடரியாக்க முயன்று பாருங்கள். இரு பக்கங்களும் ஒரே வளைவில் வந்து மெல்லிய விளிம்பில் சந்திக்க வேண்டும். அவ்விடத்தில் பரப்பின் சிறு முக்கோணங்கள் இழுபட்டுக் கிழிந்ததுபோலாகும். வேண்டிய இடத்தில் மட்டும் முக்கோணங்களைப் பெருக்கிக்கொள்ளும் வசதி 2013இல் பிளெண்டருக்கு வந்தது ஏன் என்பது அப்போது கைக்கே புரியும். வழவழப்பாக்கும் தூரிகையை ஒருமுறை கூடுதலாக ஓட்டினால் விளிம்பு மழுங்கிவிடும். திரையில் ஒரு விசையை அழுத்தி அதை மீட்டுக்கொள்ளலாம். பையம்பள்ளிக்காரன் விளிம்பு மழுங்கினால் மறுபடியும் தேய்க்க உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் சிறியதாகும்.